வெந்நீரில் கலக்கக் கூடாது

நவம்பர் 24, திங்கள்

உரக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. இத்தனை மாதமும் வெறுமையாகக் கிடந்தது. இன்று எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம், நான் புலம்பினால் கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை. கேட்க வேண்டியவள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

சிறுநீரகத்தில் கிருமியாம். டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார், ஏதோ கிருமியை நான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்ட மாதிரி. "ஸ்கூல்ல பாத்ரூம் போகாம அடக்கி வச்சிருப்பாங்க சார். தண்ணியும் குடிக்கறதில்ல. டீச்சருங்க பாதிப் பேர் இதோடதான் வராங்க." மங்கை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துக் கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை என்று வருஷா வருஷம் சொல்லுவாள். நான் 'ம்' கொட்டுவேன். தாழ்ப்பாள் போடுவது கல்வித்துறை வேலை, வேளாண்மைத்துறை வேலையா?

பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை. அதோடு ஒரு பொடிப் பாக்கெட், காலையும் ராத்திரியும். மாத்திரை முடிந்த பிறகும் ஒரு வாரம் பொடியைத் தொடர வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். "வயித்துல நல்ல கிருமியும் இருக்குல்ல சார். மாத்திரை நல்லது கெட்டது பாக்காம அடிச்சிரும். நல்லதை நாம திரும்ப உள்ள அனுப்பணும்." கொல்ல ஒரு மாத்திரை, வளர்க்க ஒரு பொடி. இதற்குப் பெயர் வைத்தியம்.

மருந்துக்கடைப் பெண் வேறு, "சார், கொஞ்சம் கவனமா கேட்டுக்குங்க" என்று ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வேன்காரன் என் ஸ்கூட்டருக்குப் பின்னால் நின்று ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. "தெரியும்மா, தெரியும்மா" என்று பையை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். எனக்கு நுண்ணுயிர் பாடம் எடுக்க அந்தப் பெண்ணுக்கு என்ன வயசு இருக்கும்? உதவி வேளாண்மை அலுவலராக இந்தப் பட்டுக்கோட்டை வட்டாரம் பூராவும் ரைசோபியம் நுண்ணுயிர் உரப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான்.

வந்து கஞ்சி வைத்தேன். மங்கைக்கு எதுவானாலும் ஆவி பறக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடமாட்டாள். மாத்திரையைக் கையில் கொடுத்து, கஞ்சியில் பொடியைத் தட்டிக் கலக்கிக் கொடுத்துவிட்டேன். ஒரே வேலையாக முடிந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

ரசம் வைத்தேன். அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

நவம்பர் 26, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. அப்பாடா என்று உட்கார்ந்தால், வயிறு பிடுங்கிக்கொண்டது. காலையிலிருந்து கட்டிலுக்கும் கொல்லைக்கும் நடையாக நடக்கிறாள். நான் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடக்கிறேன். இரண்டு பேரும் வழியில் சந்தித்துக்கொள்கிறோம்.

"ஏங்க, மாத்திரையும் பொடியும் ஒண்ணாவா குடுக்குறீங்க?" என்றாள்.

"உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்."

"கடையில ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாங்க சொன்னாங்க. நீ குடி, ஆறிறப் போவுது."

குடித்தாள். படுத்திருப்பவளுக்கு இத்தனை கேள்வி எங்கிருந்து வருகிறதோ.

பால் உறை ஊற்றினேன். தயிராகவில்லை. பாலாகவும் இல்லை.

நவம்பர் 28, வெள்ளி

இன்று தஞ்சாவூரில் கலந்தாய்வு. தலைமை ஆசிரியர் பதவி உயர்வுக்குப் பட்டியலில் இவள் பெயர் வந்திருக்கிறது. "இந்த நிலைமையில போகணுமா?" என்றேன். அவள் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பஸ்ஸில் வயிறு கேட்டுவிடக் கூடாதென்று. ஒரத்தநாட்டில் பஸ் நின்றபோது கண்டக்டரிடம் நான்தான் போய்க் கெஞ்சினேன். "சீக்கிரம் வரச் சொல்லுங்க சார்" என்றான். சீக்கிரம் வருவது அவள் கையிலா இருக்கிறது?

கம்ப்யூட்டரில் இவள் முறை வந்தபோது பக்கத்தில் இருந்த ஊரெல்லாம் போய்விட்டது. மிச்சம் இருந்ததில் ஒன்று கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மூன்று வருஷத்துக்கு முன் திருவண்ணாமலைப் பக்கம் கிடைத்தபோது அப்படித்தான் செய்தாள். நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. யோசி என்று மட்டும் சொன்னேன்.

இன்று என்னிடம் கேட்கவே இல்லை. கையெழுத்துப் போட்டு ஆணையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் போச்சு. மறுபடி பட்டியலில் பெயர் வருவதற்குள் ஓய்வே பெற்றுவிடுவாள்.

"கொல்லிமல பஸ்ஸுல நல்ல மனுஷனே வாந்தி எடுப்பான்" என்றேன்.

"பத்தாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்குங்க. பொடிதான் குடிக்கிறேன்ல, சரியாயிரும்."

ராத்திரி கஞ்சியில் கலந்து கொடுத்தேன். நல்ல சூடாக.

நவம்பர் 29, சனி

ஓசூரிலிருந்து பூங்கோதை போன் செய்தாள். பெற்ற மகள் என்று பார்க்கிறேன், இல்லாவிட்டால் போனை வைத்திருப்பேன். "அம்மாவுக்கு ஏம்ப்பா இன்னும் நிக்கல? நீங்க ஒழுங்காத்தான் குடுக்குறீங்களா?" விடிந்தால் எழுந்து கஞ்சி, மாத்திரை, பொடி, துணி, பாத்திரம் என்று மாடாய் உழைக்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

பக்கத்து வீட்டு ரெத்தினம் அத்தாச்சி மாதுளம் ஓடு அரைத்துக் கொண்டுவந்தது. "கடைப் பொடியெல்லாம் சும்மா ஏமாத்துங்க தம்பி" என்றது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இத்தனை நாளாகக் குடித்து என்ன கண்டோம்? கிருமியாம், நல்லதாம். வெறும் மாவு.

டிசம்பர் 1, திங்கள்

மறுபடி டாக்டரம்மா. இவள் முகம் சுண்டிப்போய்விட்டது. கன்னம் ஒட்டி, வளையல் முழங்கைக்கு ஏறுகிறது. பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்ததில் பயப்படும்படி ஒன்றும் இல்லை, ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. மாத்திரையின் வேலைதான், ஆனால் பாதியில் நிறுத்தக் கூடாது, உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்க வேண்டும் என்றார்.

"பொடி தவறாம குடுக்குறீங்களா சார்?"

"ஒரு வேளை தவறல."

"பொதுவா இதுக்குள்ள கொஞ்சமாவது கேட்டிருக்கணுமே. சிலருக்குக் கேக்காது, அதுவும் உண்டு."

மங்கை மலையைப் பற்றிக் கேட்டாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "இதே மாதிரி இருந்தா நான் போகச் சொல்ல மாட்டேம்மா. பாதி வழியில மயங்கி விழுந்தா யார் பாக்கறது?"

வரும் வழியில் ஸ்கூட்டரில் என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். அப்படிச் சாய்ந்து எத்தனை வருஷம் ஆகிறது. "போவ முடியாமப் போயிருமாங்க?" என்றாள். நான் காதில் விழாத மாதிரி ஓட்டினேன். மணிக்கூண்டு பக்கம் ஒரே நெரிசல், உண்மையாகவே சரியாக விழவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

துவரங்குறிச்சி அடைக்கலம் காலையில் போன் செய்தார். பழைய விவசாயி, காது மந்தம். நான் ஓய்வு பெற்றது அவருக்கு இன்னும் மனசில் ஏறவில்லை. "ஆபீசரய்யா, கடல வெத எடுத்தாச்சு. அந்தப் பொட்டலத்த எப்புடிக் கலக்கறதுன்னு மறந்து போச்சு."

ஒரு கையில் போன், ஒரு கையில் மங்கைக்குக் கலக்கிய கஞ்சி டம்ளர். கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். கத்தினேன்.

"அரிசிக் கஞ்சி வையிங்க. வச்சு நல்லா ஆற விடணும். ஆறுன பொறவுதான் பொட்டலத்தப் பிரிக்கணும். ஆங்? சூட்டோட கலந்தா அம்புட்டும் செத்துரும்யா! அது உசுரு உள்ள பொருளு. செத்தத வெதையில பூசி என்ன புண்ணியம், வெறும் மாவு பூசுன மாதிரிதான். பூஞ்சாண மருந்து போட்டீங்களா? போட்டா உடனே இதக் கலக்கப்படாது. ஒரு நாள் இடைவெளி விடணும். அது கொல்ற மருந்து, இது உசுரு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டா..."

டம்ளர் கையைச் சுட்டது.

"ஆபீசரய்யா? லைன்ல இருக்கியளா?" என்றார் அடைக்கலம். இருக்கேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

குப்பைக்கூடையிலிருந்து பாக்கெட்டை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். எறும்பு மாதிரி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சூடான எதிலும் கலக்கக் கூடாதாம். ஆன்டிபயாடிக்குக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டுமாம். இதைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் குடி முழுகிவிடுமா? அந்த மருந்துக்கடைப் பெண்ணாவது வெளியே ஓடிவந்து சொல்லியிருக்கலாம். அந்த வேன்காரன் நாசமாகப் போக.

கஞ்சியைத் தொட்டியில் ஊற்றினேன். மங்கை கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கியிருப்பாள்.

அவளிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? நடந்தது நடந்துவிட்டது. இந்த வட்டாரத்தில் கஞ்சியை ஆற வை, ஆற வை என்று நான் தொண்டை கிழியக் கத்தாத களத்துமேடு கிடையாது. போய்ச் சொன்னால் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் இன்னும் மோசம்.

டிசம்பர் 3, புதன்

மாத்திரை கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து, ஆறிய தண்ணீரில் பொடி.

"என்ன, இன்னைக்குத் தண்ணி ஆறிக் கெடக்கு?" என்றாள்.

"காஸு தீர்ற மாதிரி இருக்கு. சிக்கனமா எரிக்கிறேன்."

என்னைப் பார்த்தாள். பிறகு டம்ளருக்குள் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் குடித்தாள். இது என்ன புதுப் பழக்கம்? கைக்குழந்தைக்குக் குளிக்க வைக்கிற தண்ணீரா?

இன்றோடு மாத்திரை முடிந்தது. பொடி மட்டும் இன்னும் ஒரு வாரம். நேற்று உறை ஊற்றியது தயிராகியிருக்கிறது. கட்டியாக இல்லை, ஆனாலும் தயிர்தான்.

டிசம்பர் 5, வெள்ளி

நேற்று மத்தியானத்திலிருந்து வயிறு அடங்கிவிட்டது. இன்று மோர்சாதம் இரண்டு கரண்டி சாப்பிட்டு, நாரத்தங்காய் ஊறுகாய் கேட்டாள். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் இல்லை என்று சொல்லக் கூடாது.

சாப்பிட்டுக் கை கழுவியவள் நேராகப் பரணைப் பார்த்தாள். "அந்தப் பெரிய பெட்டிய இறக்கிக் குடுங்க." நிற்க ஆரம்பித்து ஒரு நாள் முழுசாக ஆகவில்லை, அதற்குள் பெட்டி. அதோடு விட்டதா? பூங்கோதை யாரோ டீச்சரைப் பிடித்துக் கொல்லிமலைமேல் செம்மேட்டில் மாடி அறை பார்த்துவிட்டாளாம். ரிடையர்டான போஸ்ட்மாஸ்டர் வீடாம். முன்பணம்கூட அனுப்பியாகிவிட்டது. யாரைக் கேட்டு? இந்த வீட்டில் நான் யார், கஞ்சி காய்ச்சுகிற ஆளா?

"உங்களுக்குத்தான் சொல்லிக்கிட்டே இருந்தேனே" என்றாள்.

எப்போது சொன்னாள்? 'ம்' கொட்டியிருப்பேன் போலிருக்கிறது.

பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். அதில் இருந்த என் பழைய அலுவலகச் சட்டைகளை எடுத்து என் கட்டில்மேல் வைத்துவிட்டு அவள் சேலைகளை அடுக்கினாள்.

டிசம்பர் 6, சனி

விடாத மழை. ஊதல் காற்று. ஜன்னலைச் சாத்தினாலும் குளிர்கிறது.

ராத்திரிப் பொடியை வெந்நீரில் கலந்து கொடுத்தேன். இந்தக் குளிரில் ஒரு மனுஷிக்குப் பச்சைத் தண்ணீரைக் கொடுக்க முடியுமா? அவ்வளவுதான்.

விரலை விட்டாள். வெடுக்கென்று எடுத்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்க் கொல்லைக்கதவைத் திறந்து, செம்பருத்திச் செடிக்கு ஊற்றினாள். பிறகு அலமாரியிலிருந்து வேறு பாக்கெட் எடுத்து, பானைத் தண்ணீரில் தானே கலக்கிக் குடித்தாள்.

அந்தச் செடிக்கு என்ன வயிற்றுப்போக்கா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் காபி நானே போட்டேன். எதிரில் வந்து உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது.

"அன்னைக்கு அடைக்கலத்துக்கிட்ட போன்ல கத்துனீங்கல்ல" என்றாள். "நான் தூங்கல."

காபி புரையேறியது. துண்டால் துடைத்துக்கொண்டேன்.

"தெரியாமக் குடுத்துட்டேன் மங்கை. வேன்காரன் ஹாரன் அடிச்சான்..."

"அது தெரியாமக் குடுத்தது. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எனக்குச் சூடா இருந்தாத்தான் எறங்கும்னு பாத்துப் பாத்துக் காச்சிக் குடுத்தீங்க, நானும் குடிச்சேன். மறுநாள் நீங்களே ஆற வச்சுக் குடுத்தப்போ, சரி, மனுஷன் வாயால சொல்லாட்டியும் திருத்திக்கிட்டாருன்னு விட்டுட்டேன். நேத்து?"

"நேத்து மழை."

"ஆமா" என்றாள். "மழைதான்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "ஆமா, என்ன இப்போ? ஒரு பாக்கெட் வீணாப்போச்சு, அவ்வளவுதானே. போய் வேற வாங்கிட்டு வரேன்" என்று சத்தம் போட்டேன். அவள் சத்தம் போடவில்லை.

"போகாதன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இருந்துருவியா?"

"மாட்டேன்."

"பின்ன எதுக்குச் சொல்லணும்?"

"நீங்க போகாதம்பீங்க, நான் போவேம்பேன். ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பீங்க. அதோட முடிஞ்சிருக்கும். போன தடவையும் சொல்லல. யோசின்னீங்க. நான் யோசிச்சு யோசிச்சு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். இந்தத் தடவ என் வயித்துலயா கை வைப்பீங்க?"

டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் கழுவினாள். இரண்டே டம்ளர்.

பிறகு எழுதுவது: எனக்குப் பயமாக இருந்தது. சனிக்கிழமை அந்தப் பெட்டி கூடத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதைப் பார்த்தேன், அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது, கை போய்விட்டது. அவள் இல்லாத வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். எழுதிவிட்டேன். பேனாவால் எழுதியது, அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

டிசம்பர் 8, திங்கள்

பேச்சு இல்லை. பொடி நேரத்துக்கு நான் ஆறிய தண்ணீரில் கலந்து மேஜைமேல் வைக்கிறேன். அவள் விரலை விட்டுப் பார்க்கிறாள். குடிக்கிறாள். காலையும் அப்படியே, ராத்திரியும் அப்படியே.

அந்த விரலைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை.

பூங்கோதையிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். சாயங்காலம் அவள் போனில் சாதாரணமாகத்தான் பேசினாள். "அப்பா, அம்மாகூட நீங்களும் போறீங்களா?" என்றாள். யாரும் கூப்பிடவில்லை என்று சொல்ல நினைத்து, "பெட்டி யார் தூக்குறது?" என்றேன். உள்ளேயிருந்து மறுப்பு ஒன்றும் வரவில்லை. என் சட்டை இரண்டைத் தோள்பையில் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

விடியற்காலையில் கிளம்பித் தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல் என்று மாறி மாறி, ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் முதல் வேலையாகக் கட்டணக் கழிப்பிடம் எங்கே என்று நான்தான் விசாரித்தேன். தேவைப்படவில்லை. இருந்தாலும் விசாரித்தேன்.

திருச்சியில் பொடி. தண்ணீர் பாட்டிலை வெயில் படாமல் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்திருந்தேன். விரல். குடித்தாள். பக்கத்து இருக்கை அம்மா, "ஏம்மா, தண்ணியில பூச்சியா?" என்றது. மங்கை, "இல்லங்க, பழக்கம்" என்றாள். நான் ஜன்னல் வழியாக வாழைத்தார் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரவள்ளியிலிருந்து மலை ஏறுகிறது. என்ன ரோடு ஐயா இது! ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள், எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பயப்படுவதற்கு. பாதி வளைவு தாண்டுவதற்குள் எனக்குத் தலை சுற்றி, கண்ணை இருட்டி, பஸ் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தவன் நான். நான்தான். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் பிடித்தாள். அவள் வயிறு கல் மாதிரி இருந்தது.

"நல்ல மனுஷனே வாந்தி எடுப்பான்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளாகப் பேசிய முதல் பேச்சு. கிண்டல்தான். கிண்டலாவது வந்ததே.

டிசம்பர் 10, புதன்

பள்ளிக்கூடம் செம்மேட்டிலிருந்து ஜீப்பில் இன்னும் கொஞ்சம் உள்ளே. சுற்றிலும் பலாவும் மிளகுக்கொடியும். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன், நல்ல மண். பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று "வணக்கம் டீச்சர்" என்றன. இவளுக்கு முகம் பூராவும் சிரிப்பு. வருகைப் பதிவேட்டில் முதல் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். பேனா என்னுடையது.

நாற்காலியில் உட்கார்ந்தவள் பத்து நிமிஷம் உட்காரவில்லை. எழுந்து நேராகப் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குப் போனாள். அலுவலக உதவியாளர் பின்னாலேயே ஓடினார். மாரிக்கண்ணு என்று பெயர். கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. ஒரு சணல் கயிறு தொங்கியது.

"இது எத்தன நாளா இப்புடி?"

"நான் வந்ததுலேருந்தே இப்புடித்தாங்க. பிள்ளைங்க கயித்தப் பிடிச்சுக்குங்க."

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள தாழ்ப்பா வேணும். ஆசாரி யாரு இங்க? கீழேருந்து வரணுமா? உள்ள ஒண்ணு போட்டாப் போதாது, எட்டாத பிள்ளைங்களுக்குத் தணிவா ஒண்ணு போடணும்..."

மணி பார்த்தேன். பொடி நேரம். மாடி அறையிலிருந்து எடுத்துவந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். இந்த ஊர் தண்ணீர் தானாகவே சில்லென்று இருக்கிறது, நான் ஆற வைக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் என் விரலை விட்டு ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். கடைசிப் பாக்கெட். இன்று ராத்திரிக்கு உள்ளது தவிர.

தாழ்ப்பாள் பற்றிச் சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினாள். டம்ளரைக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரை என்னிடமே கொடுத்துவிட்டு, "...ரெண்டு திருகாணி இல்ல, நாலு திருகாணி போடச் சொல்லுங்க" என்று மாரிக்கண்ணுவிடம் தொடர்ந்தாள்.

விரலை விடவில்லை.

அவள் அதைக் கவனிக்கவே இல்லை. நான் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கழிப்பறை வாசலில் நின்றேன். பிள்ளைகள் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கண்ணில் என்னவோ விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டேன்.

"நாமக்கல் பஸ் எத்தன மணிக்கு?" என்று மாரிக்கண்ணுவிடம் கேட்டேன். மங்கைதான் பதில் சொன்னாள். "இன்னைக்கு எங்க பஸ்ஸு? தாழ்ப்பா போடுறப்ப கூட நின்னு பாத்துக்குங்க."

நின்று பார்த்தேன். நாலு திருகாணி.

ராத்திரி அறையில் அவளிடம், "நீ இல்லாம அந்த வீட்டுல இருக்க எனக்குப் பிடிக்கல மங்கை, போகாத" என்று சொன்னேன்.

"போய்ட்டேனே" என்றாள். "வெள்ளிக்கிழம ராத்திரி வருவேன். பால் வாங்கி உறை ஊத்தி வையிங்க." பிறகு, "பால் ஆறுன பொறவு" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.